மேட்டூர் திறந்ததும் சார்ஜ் ஏறிய ஆட்டோ: கடைசி போஸ்ட் வீடு ஒன்றின் மின்கணக்கு

மன்னார்குடியிலிருந்து திருத்துறைப்பூண்டி போகும் சாலையை விட்டு உள்ளே தள்ளி ஒரு கிராமம். அங்கே தெருவின் கடைசி போஸ்ட்டிலிருந்து லைன் வாங்கும் வீடு, என் மனைவியின் அண்ணனுடையது. மச்சான் 2024 தொடக்கத்தில் பழைய டீசல் ஆட்டோவைத் தள்ளிவிட்டு மின்சார ஆட்டோ வாங்கினார். மாசி, பங்குனி, சித்திரை வரை ஒரு குறையும் இல்லை. சாயங்காலம் வீடு திரும்பியதும் பிளக்கைச் செருகினால் காலையில் பேட்டரி நிறைந்திருக்கும். வைகாசிக் கடைசியில் தொந்தரவு ஆரம்பித்தது. சாயங்காலம் சார்ஜ் போட்டால் சார்ஜர் விட்டு விட்டு நின்றது. விடிந்து பார்த்தால் பாதிதான் ஏறியிருக்கும். காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை இறக்கிவிட்டு வருவதற்குள் மீட்டர் சிவப்புக்கு வந்துவிடும்.

வண்டி விற்ற கடையில் சார்ஜரை மாற்றிக் கொடுத்தார்கள். புது சார்ஜரும் அதையேதான் செய்தது. பேட்டரி போய்விட்டது என்று ஒருவர் சொன்னார், வண்டியே தேறாது என்று இன்னொருவர். ஆகஸ்ட் பிறந்து கொஞ்ச நாளில் கோளாறு தானாகவே சரியாகிவிட்டது. வீட்டில் யாரும் எதையும் தொடவில்லை.

நான் மன்னார்குடியில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். எந்த மாதத்தில் எத்தனை மோட்டார் கருகி வருகிறது என்பதை வைத்தே எந்த ஊரில் வோல்டேஜ் எப்படி என்று ஓரளவு சொல்லிவிடலாம். ஆகவே எனக்கு இது வண்டிக் கோளாறாகத் தெரியவில்லை. மல்டிமீட்டரையும், கம்பியைக் கவ்வி ஆம்பியர் காட்டும் டாங் டெஸ்டரையும் எடுத்துக்கொண்டு போய் வெவ்வேறு பருவங்களில் அளந்து பார்த்தேன். ஒரே ஒரு வீடு, ஒரே ஒரு ஆட்டோதான். ஆனாலும் காவிரி டெல்டாவில் மின்வண்டி பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் தொடாமல் விடுகிற ஒரு விஷயம் இதில் இருக்கிறது.

தெருவும் லைனும்

அந்தத் தெருவுக்கும் அதை ஒட்டிய வயல்களுக்கும் சேர்த்து ஒரு 63 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் (கே.வி.ஏ. என்பது அது தாங்கும் மின்சுமையின் அளவு). டெல்டாவின் பல கிராமங்களில் இப்படித்தான். வீட்டு லைனும் பம்புசெட் லைனும் ஒரே டிரான்ஸ்பார்மரில் தொங்கும். 5 ஹெச்.பி. மோட்டார் ஒன்று ஓடும்போது சுமார் 5.5 கே.வி.ஏ. இழுக்கும். பதினோரு மோட்டார் ஒன்றாக ஓடினாலே டிரான்ஸ்பார்மர் நிறைந்துவிடும். அதற்கு மேல்தான் வீடுகளின் ஃபேன், மிக்சி, ஃபிரிட்ஜ் எல்லாம்.

டிரான்ஸ்பார்மர் ஒரு பக்கம் இருக்கட்டும், கம்பிதான் இன்னும் பெரிய சிக்கல். வாய்க்காலில் தலைமடைக்காரர் எல்லோரும் மடையைத் திறந்துவிட்டால் கடைமடைக்கு ஈரம் மட்டும்தான் வந்து சேரும். கம்பியிலும் அதே கதைதான். வழியில் ஒவ்வொரு மோட்டாரும் இழுக்க இழுக்க வோல்டேஜ் இறங்கிக்கொண்டே வந்து கடைசி போஸ்ட்டில் மீதிதான் கிடைக்கும். வீட்டு இணைப்பில் 240 வோல்ட், கூடக் குறைய 6 சதவீதம் இருக்கலாம் என்பது விதி. அதாவது 225-க்குக் கீழே போகக்கூடாது. ஆனி மாதம் சாயங்காலம் ஏழு மணிக்கு மச்சான் வீட்டு பிளக்கில் 170-ஐ ஒட்டி நின்றது. அந்தச் சார்ஜர் 180-க்குக் கீழே போனால் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடும் வகை. கொஞ்சம் ஏறினால் மறுபடி ஓடும், ஓட ஆரம்பித்ததும் வோல்டேஜ் இன்னும் இறங்கும், மறுபடி நிற்கும். விட்டு விட்டு நின்றதன் ரகசியம் இவ்வளவுதான்.

இதில் ஒரு விஷமச் சுழல் உண்டு. வோல்டேஜ் குறைந்தால் மோட்டார் ஆம்பியரைக் கூட்டி இழுக்கும். ஆம்பியர் கூடினால் கம்பியில் இழப்பு கூடி வோல்டேஜ் இன்னும் இறங்கும். சார்ஜரும் அதே புத்திதான், தனக்கு வேண்டிய வாட்டை எப்படியாவது இழுக்கப் பார்க்கும். இது போதாதென்று, மும்முனை வராத நேரத்தில் கண்டன்சர் போட்டு இருமுனையிலேயே மோட்டாரை ஓட்டுகிற பழக்கமும் இருக்கிறது. நாற்று காய்கிறபோது ஒரு விவசாயியிடம் போய் அது தப்பு என்று சொல்ல எனக்கு நா எழுவதில்லை. ஆனால் அந்த மோட்டார்தான் பத்து நாளில் என் கடை வாசலில் கருகிக் கிடக்கும். கூடவே லைனையும் ஒருபக்கமாகச் சாய்த்துவிடும்.

2024 ஆனியும் ஆடியும்

முந்தைய வருஷம் மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்தது. நீர் குறைந்து அக்டோபர் 10-ஆம் தேதியே மூட வேண்டியதாயிற்று. 2024-ல் ஜூன் 12-க்குத் திறக்க அணையில் தண்ணீரே இல்லை. ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் குறுவை போட்டவர்கள் எல்லோருமே போர்செட்டை நம்பித்தான் போட்டார்கள். நாற்றங்கால், நடவு, நட்ட வயலுக்குத் தண்ணீர் எல்லாம் மோட்டார் தண்ணீர். வழக்கமான வருஷத்தில் ஆற்றுத் தண்ணீர் வந்தபின் ஓயும் மோட்டார்கள் அந்த வருஷம் விடாமல் ஓடின. அந்தச் சுமை முழுவதும் 63 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் தலையில் விழுந்தது, மச்சான் ஆட்டோ அதன் வாலில் நின்றது.

கர்நாடகத்தில் மழை கொட்டியது. ஜூலை 30-ல் மேட்டூர் 120 அடியைத் தொட்டது. கல்லணை திறந்து, வெண்ணாறு வந்து, நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் பிரிந்து, பாமணியாற்றில் தண்ணீர் இறங்கியது. வாய்க்கால் நிறைந்ததும் மோட்டார்களை ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். அன்றைய தேதிக்கு அந்தத் தெருவில் நடந்த ஒரே மாற்றம் அதுதான். கடைசி போஸ்ட்டில் சாயங்கால வோல்டேஜ் 200-ஐத் தாண்டியது, ஆட்டோ ஒழுங்காகச் சார்ஜ் ஏறியது.

மச்சானிடம் சொன்னேன். "அப்படின்னா மாப்ள, என் வண்டிக்கு டீசல் போடறது குடகு மழையா?" என்று கேட்டார். அவர் வேடிக்கையாகக் கேட்டார், விஷயம் அதைவிட ஆழமானது. மேட்டூரில் அணை மின்நிலையமும் சுரங்க மின்நிலையமும் சேர்ந்து 250 மெகாவாட் திறன் கொண்டவை. பாசனத்துக்குத் தண்ணீர் விட்டால்தான் அவை ஓடும். ஆக, அணை திறக்காத ஆனியில் டெல்டாவின் மோட்டார்கள் மின்சாரத்தைக் கூடுதலாக இழுக்கின்றன, அதே நேரத்தில் மேட்டூரின் புனல் மின்சாரமும் இல்லை. அணை திறந்தால் தேவை இறங்குகிறது, உற்பத்தி ஏறுகிறது. ஒரே மதகு இரண்டையும் ஆட்டுகிறது.

காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டுக்கும் மேல். ஆரல்வாய்மொழி, உடுமலை, கம்பம் பக்கத்து ஆலைகள் நன்றாகச் சுற்றுவது மே முதல் செப்டம்பர் வரை. அதைச் சுற்ற வைப்பதும் தென்மேற்குப் பருவக்காற்றுதான், மேட்டூரை நிரப்புவதும் அதுதான். குறுவைக் காலம் தமிழ்நாட்டின் மின்சாரம் ஓரளவு சுத்தமாக இருக்கும் காலம். அந்தச் சுத்தமான மின்சாரம் மாநிலத்தின் பெரிய மின்கோபுரங்கள் வழியாக ஓடிக்கொண்டிருக்கும்போது, கடைசி போஸ்ட்டில் 170 வோல்ட். உற்பத்தியைக் கூட்டினால் மட்டும் இது தீராது.

பில்லும் புகையும்

அக்கா, அதாவது மச்சான் மனைவி, முதலில் பேசியது வோல்டேஜைப் பற்றி அல்ல. "ஆட்டோ வந்ததுல இருந்து கரண்ட் பில்லு எகிறிப்போச்சு தம்பி." உண்மைதான். ஆட்டோ நாளுக்கு நூறு கிலோமீட்டர் ஓடுகிறது, பிளக்கில் சுமார் 7 யூனிட் இழுக்கிறது. இரண்டு மாதத்தில் ஐம்பது நாள் ஓடினால் 350 யூனிட். வீட்டுக்கு ஏற்கெனவே 300 யூனிட் ஆகும்.

2022 செப்டம்பரில் வந்த கட்டண அடுக்கை வைத்தே போடுகிறேன், அதற்கப்புறம் யூனிட்டுக்குக் கொஞ்சம் பைசா ஏறியிருக்கிறது. முதல் 100 யூனிட் இலவசம். 300 யூனிட்டுக்கு 225 ரூபாயும் 450 ரூபாயும் சேர்த்து 675. ஆட்டோவோடு 650 யூனிட் ஆனால் 500-ஐத் தாண்டிவிடுகிறது. தாண்டியதும் 101 முதல் 200 வரையிலான யூனிட் 2.25-லிருந்து 4.50-க்கு மாறுகிறது. மேலே போகப் போக 8 ரூபாய், 9 ரூபாய். மொத்தம் 3,200. ஆட்டோவுக்காகக் கூடியது 2,525 ரூபாய், யூனிட்டுக்கு 7 ரூபாய் 20 பைசா. அதே ஓட்டத்துக்குப் பழைய வண்டியில் நாளுக்கு 3 லிட்டர் டீசல், இரண்டு மாதத்துக்கு 13,000 ரூபாயைத் தாண்டும். அக்காவுக்குக் கண்ணில் படுவது பில், ஏனென்றால் டீசல் காசு மச்சான் சட்டைப்பையிலிருந்து போனது, வீட்டுக் கணக்கில் வரவே இல்லை. கடன் தவணையை வைத்துப் பார்த்தாலும் வண்டி கட்டுப்படியாகிறது. பணக்கணக்கில் எனக்குச் சந்தேகம் இல்லை.

புகைக்கணக்குதான் நான் எதிர்பார்த்தபடி வரவில்லை. டீசல் லிட்டருக்கு ஏறத்தாழ 2.7 கிலோ கரியமிலவாயு விடும். நூறு கிலோமீட்டருக்கு 3 லிட்டர் என்றால் 8 கிலோ. மின்சாரத்துக்கு, மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் வெளியிடும் நாட்டுச் சராசரி யூனிட்டுக்கு 0.7 கிலோவுக்குச் சற்று மேல். 7 யூனிட்டுக்கு 5 கிலோ, கம்பி இழப்பையும் சேர்த்தால் 6-ஐ ஒட்டி வரும். நாலில் ஒரு பங்குதான் மிச்சம். பெட்ரோல் ஸ்கூட்டரை விட்டு மின் ஸ்கூட்டருக்கு மாறுகிறவருக்கு இதைவிட நல்ல கணக்கு, பாதிக்குப் பாதி குறையும். ஆட்டோவுக்கு அவ்வளவு இல்லை.

ஆனால் சராசரி என்பது நாள் முழுவதையும் வருஷம் முழுவதையும் ஒரே பானையில் கலக்கிய கணக்கு. மதியம் ஒரு மணிக்குத் தமிழ்நாட்டின் கம்பிகளில் சூரிய மின்சாரம் ஓடுகிறது. சாயங்காலம் ஏழு மணிக்கு அது சுத்தமாக இல்லை, எல்லா வீட்டிலும் விளக்கு எரிகிறது, அனல் நிலையங்களை முடுக்குகிறார்கள், வெளிச் சந்தையில் விலை கொடுத்து வாங்குகிறார்கள். மச்சான் சார்ஜ் போட்டது எப்போது? ஏழு மணிக்கு. நாளிலேயே அதிக அழுக்கான, அதிக விலையான, அதிகப் பலவீனமான மின்சாரத்தைத் தேடிப்பிடித்து ஏற்றியிருக்கிறார். அவர் மட்டுமல்ல, மின்வண்டி வைத்திருக்கும் முக்கால்வாசிப் பேரும் வீடு திரும்பிய கையோடு அதையேதான் செய்கிறோம்.

நேரத்தை மாற்றியது

மன்னார்குடியில் ஆட்டோ ஓட்டுகிறவர்களுக்குப் பன்னிரண்டரை முதல் மூன்று வரை சவாரி குறைவு. மச்சான் சோற்றுக்கு வீட்டுக்கு வந்துவிடுவார். அந்த நேரத்தில் பிளக்கைச் செருகச் சொன்னேன். சார்ஜர் 2 கிலோவாட் அளவுக்கு இழுக்கும், இரண்டரை மணி நேரத்தில் 5 யூனிட் ஏறிவிடும். மீதி 2 யூனிட்டுக்கு ஒரு டைமர் பிளக் வாங்கிப் போட்டோம், ராத்திரி பதினொன்றுக்கு மேல் ஓடும்படி. ஏழு மணிச் சார்ஜை அடியோடு நிறுத்தியாயிற்று. அடுத்த வருஷக் குறுவையிலும் சார்ஜர் நிற்கவில்லை. 2025-ல் மேட்டூர் ஜூன் 12-லேயே திறந்துவிட்டது, ஆகவே முழுப் பெருமையையும் டைமருக்குக் கொடுக்க முடியாது. ஆனால் அணை திறப்பதற்கு முன்னால், மோட்டார்கள் ஓடிய வாரங்களிலும் மதியம் 15 ஆம்பியர் பிளக்கில் நான் பார்த்தது 205-க்குக் குறையவில்லை.

பில்லில் ஒரு ரூபாய் குறையவில்லை. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு மதியமும் ஒரே விலை, சாயங்காலமும் ஒரே விலை. 2023-ல் மத்திய அரசு திருத்திய மின்நுகர்வோர் விதிகள், சூரிய ஒளி நேரத்தில் விலையைக் குறைத்து உச்ச நேரத்தில் கூட்டச் சொல்கின்றன. அதற்கு ஸ்மார்ட் மீட்டர் வேண்டும். மச்சான் வீட்டில் அது வருகிறவரை, நல்ல நேரத்தில் சார்ஜ் போடுகிறவருக்கு அரசு தரும் பரிசு ஒன்றுமில்லை. அவர் மாறியது சார்ஜர் நிற்காமல் இருக்க, அவ்வளவுதான். புகை குறைந்தது கூடுதல் லாபம். ஊருக்கு உபதேசம் செய்து எதையும் மாற்ற முடியாது, விலையில் தெரிந்தால்தான் ஜனங்கள் மாறுவார்கள் என்பது என் அபிப்பிராயம்.

மாடியில் தகடு

அதே லைனில், நாலைந்து போஸ்ட் முன்னால், ஒரு மாடி வீட்டில் 3 கிலோவாட் சூரியத் தகடு போட்டிருக்கிறார்கள். 2024 பிப்ரவரியில் வந்த பிரதமர் சூரியவீடு திட்டத்தில் 78,000 ரூபாய் மானியம் கிடைத்தது. நல்ல வெயில் நாளில் 12 யூனிட் வரும். அந்த வீட்டுக்காரரும் என்னைக் கூப்பிட்டார். அவர் குறை நேர் எதிரானது. மாசி, பங்குனியில், வெயில் கொளுத்தும் மதியத்தில் இன்வெர்ட்டர் நின்று நின்று போகிறதாம்.

போய் அளந்தால் 258 வோல்ட். சம்பா அறுவடை முடிந்து வயலில் உளுந்தும் பயறும் நிற்கிற காலம். ஒரு மோட்டாரும் ஓடவில்லை. தகடு தள்ளுகிற மின்சாரத்தை இழுத்துக்கொள்ள லைனில் ஆள் இல்லாததால் வோல்டேஜ் ஏறி, இன்வெர்ட்டர் தன்னை அணைத்துக்கொள்கிறது. ஆனியில் 170, பங்குனியில் 258, ஒரே கம்பியில்! இப்போது அந்த மதிய நேரத்தில் மச்சான் ஆட்டோ 2 கிலோவாட் இழுக்கிறது. மாடி வீட்டு மின்சாரம் கம்பி வழியாக நாலு போஸ்ட் தாண்டி அவர் பிளக்குக்கு வந்துவிடும், யாரும் யாருக்கும் தனியாகக் கம்பி இழுக்க வேண்டியதில்லை. இன்வெர்ட்டர் நிற்பது முன்னைவிடக் குறைந்திருக்கிறது என்று அவர் சொல்கிறார்.

இந்த வகைத் தகட்டைப் பற்றி ஊரில் ஒரு தப்பெண்ணம் உண்டு. வெயில் இருந்தால் வீட்டில் கரண்ட் இருக்கும் என்று நினைக்கிறார்கள். இருக்காது. லைனில் கரண்ட் போனால் இன்வெர்ட்டரும் நிற்கும், நிற்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் போஸ்ட்டில் ஏறி வேலை செய்கிற லைன்மேன் உயிர் போய்விடும். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் அடித்தபோது டெல்டாவில் லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. உள்கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன, மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற வாடகை ஜெனரேட்டர் தேடினோம். அப்படி ஒரு புயல் மறுபடி வந்தால் பேட்டரி இல்லாத தகடு மாடியில் சும்மா இருக்கும், மின் ஆட்டோவும் ஒரு நாள் ஓடிவிட்டு நிற்கும். கடலோர ஊர்க்காரர்கள் கூடுதல் காசு போட்டு பேட்டரியோடு சேர்ந்த இன்வெர்ட்டர் வாங்குவது வீண் செலவு என்று நான் சொல்ல மாட்டேன்.

மச்சான் ஏன் தகடு போடவில்லை? முந்நூறு சதுர அடி மொட்டை மாடி அவருக்கும் இருக்கிறது. மின் இணைப்பு இன்னும் காலமான என் மாமனார் பெயரில் இருக்கிறது. பெயர் மாற்றினால்தான் மானியத்துக்கு மனுப் போட முடியும். பெயர் மாற்ற வாரிசுச் சான்றிதழும், மற்ற வாரிசுகளின் சம்மதமும் வேண்டும். ஒரு மைத்துனர் சிங்கப்பூரில். டெல்டாவில் எத்தனையோ வீடுகளின் கதை இதுதான், தொழில்நுட்பத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

களப்பாலுக்குப் பக்கத்தில்

மச்சான் சவாரி போகும் தூரத்திலேயே கோவில்களப்பாலில் ஓர் எரிவாயு மின்நிலையம் இருக்கிறது, 108 மெகாவாட். குத்தாலத்தில் 101 மெகாவாட் இன்னொன்று. இரண்டுக்கும் டெல்டாவின் மண்ணுக்கடியிலிருந்தே வாயு வந்தது. நிலக்கரியைவிட இது சுத்தம்தான், ஆனால் அந்த வாயுவை எடுப்பதற்கு இந்த மண் கொடுத்த விலை என்ன என்று கதிராமங்கலத்துக்காரர்களைக் கேட்டால் தெரியும். 2017-ல் அங்கே குழாய் உடைந்து எண்ணெய் வயலில் ஓடியது. மீத்தேன் திட்டத்தை எதிர்த்து ஊர் ஊராக நடந்த இயற்கை விவசாயப் போராளி நம்மாழ்வார் 2013 டிசம்பரில் பட்டுக்கோட்டைப் பக்கம் அத்திவெட்டியில்தான் காலமானார். 2020-ல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்து புதுக் கிணறுகளுக்குக் கதவு சாத்தியது. ஆக, டெல்டாவின் அடுத்த மின்சாரம் பூமிக்கடியிலிருந்து வராது. நஞ்சை நிலத்தில் தகடு பரப்புவதையும் யாரும் ஒப்ப மாட்டார்கள், ஒப்பவும் கூடாது. மிஞ்சுவது கூரைகள். நவீன அரிசி ஆலைகளின் கூரை, நெல் கிடங்குகளின் கூரை, பள்ளிக்கூடங்கள், மாடி வீடுகள். மதியத்தில் வரும் அந்த மின்சாரத்தை மதியத்திலேயே இழுக்க மோட்டாரும் வண்டியும் இருந்தால், கோபுரம் கட்டி எங்கேயும் அனுப்ப வேண்டாம்.

மோட்டாரைப் பற்றிச் சொன்னதும் ஒரு சங்கடம் வருகிறது. 1990 முதல் எல்லா விவசாயிக்கும் மின்சாரம் இலவசம். அதில் கைவைக்கச் சொல்ல நான் யார்? ஆனால் இலவசம் என்பதற்கு ராத்திரியில்தான் தண்ணீர் பாய்ச்ச வேண்டும் என்று அர்த்தம் இல்லை. மும்முனையைப் பகலில், வெயில் நேரத்தில் உறுதியாகக் கொடுத்தால் பாம்புக்குப் பயந்து இருட்டில் வரப்பில் நடக்க யாருக்கும் ஆசை இல்லை. மாலைச் சுமை இறங்கும், மாடி வீட்டுக்காரரின் 258-ம் இறங்கும்.

தெருவில் இப்போது மூன்று மின் ஆட்டோ. இரண்டு சேர்ந்தால் ஒரு 5 ஹெச்.பி. மோட்டாருக்குச் சமம். மச்சானைப் பார்த்து இரண்டாவது ஆள் மதியத்துக்கு மாறிவிட்டார், மூன்றாமவர் மதியத்தில் கோயில் சவாரி ஓட்டுவதால் இன்னும் ஏழு மணிக்குத்தான் போடுகிறார். தெருவின் நடுவில் ஒரு 25 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் வைத்து லைனைப் பிரிக்கச் சொல்லி மூவருமாகச் சேர்ந்து மனுக் கொடுத்திருக்கிறார்கள். நான் எடுத்த அளவுகளைத் தேதி, நேரத்தோடு எழுதி மனுவுடன் இணைத்திருக்கிறோம். வந்து பார்த்த அலுவலர் அந்தத் தாளைத்தான் முதலில் கேட்டு வாங்கிக்கொண்டார்.